வலிய கையும் மிகை ஆக்கிரமமும்: சீட்டாட்டப் பொறுமையின் எல்லைகள் குறித்து ஓர் ஆய்வு

1. வினாவும் கொள்கையும்

சீட்டாட்டத்தில் கெட்ட சீட்டு வந்தவன் என்ன செய்யவேண்டும் என்பதில் அறிஞர்க்குள் பெரிய விவாதம் இல்லை. கவிழ்த்துவிட்டுக் காத்திருக்கவேண்டும் என்று அனைவரும் சொல்வர். நல்ல சீட்டு வந்தவன், அதிலும் ஒவ்வொரு சுற்றிலும் தன் சீட்டின் தகுதியைப் பாராமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகும் ஒருவனை எதிரில் வைத்துக்கொண்டு ஆடுபவன், என்ன செய்யவேண்டும் என்னும் வினாவிலேதான் அபிப்பிராய பேதம் தொடங்குகிறது. ஏற்றியவன்மேல் தானும் ஏற்றி, அவனை அக்கணமே அடக்கிவிட வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. அதனைப் பூர்வபட்சமாகக் கொள்வோம்.

இக்கட்டுரையின் சித்தாந்தம் வேறு. வலிய கையின் பயன் அச்சீட்டுகளில் மட்டும் அடங்கியிருப்பதன்று. எதிராளியின் மிகையான செயலை எவ்வளவு தூரம் தடையின்றி நடக்கவிடுகிறோம் என்பதில் அதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஆயினும் அப்பொறுமை வரம்பற்றதன்று. சீட்டு வளரும் ஆட்டத்தில் ஓர் எல்லையும், எதிராளியின் அறிவு மாறும் இடத்தில் ஓர் எல்லையும், கைப்பொருள் தீரும் இடத்தில் ஓர் எல்லையும் அதற்கு உண்டு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் 'பொறுத்தார் வெல்வார்' என்று பொதுப்படச் சொல்வது, ஏற்றியே தீரவேண்டும் என்பதற்கு ஒப்பான பிழையே ஆகும்.

மிகை ஆக்கிரமம் என்று இங்கே சொல்லப்படுவது குணத்தை அன்று, அளவையே என்பதையும் முதற்கண் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெறுங்கையோடு மிரட்டுவது ஆட்டத்தின் இயல்பான அங்கம். அம்மிரட்டல், சீட்டின் நியாயம் இடங்கொடுக்கும் விகிதத்தைத் தாண்டும்போதுதான் அது மிகை ஆகிறது.

2. மாறாத சீட்டு: 'மூணு சீட்டு' தரும் சான்று

போக்கருக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவினது மூணு சீட்டு. அதில் மிகை ஆக்கிரமம் விதியாலேயே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது என்பது ஆய்வாளனுக்குப் பெரிய வசதி. தன் சீட்டைப் பாராமலே பந்தயம் வைப்பவன் 'பிளைண்ட்' ஆடுகிறான். சீட்டைப் பார்த்துவிட்டவனோ அவன் வைத்ததைப் போல இருமடங்கேனும் வைத்தாகவேண்டும். இருவர் மட்டும் எஞ்சியிருக்கையில், பார்த்தவன் பாராதவனிடம் 'ஷோ', அதாவது சீட்டை விரித்துக் காட்டுமாறு, கேட்கலாகாது என்பதும் பல இடங்களில் வழங்கும் விதி. பாராமல் ஏற்றுபவனுக்கு எதிரே பார்த்தவன் எப்படி ஆடவேண்டும் என்பது, ஆக்கிரமக்காரனுக்கு எதிரே வலிய கை எப்படி ஆடவேண்டும் என்னும் வினாவின் கலப்பற்ற வடிவம்.

கணக்கு இதற்குத் தெளிவான விடை தருகிறது. 52 சீட்டுள்ள கட்டிலிருந்து மூன்று சீட்டை 22,100 வகையாக எடுக்கலாம். அவற்றுள் ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டு 52, ஒரே ஜாதியில் வரிசையாக வருவன 48, ஜாதி கலந்த வரிசை 720, வரிசையின்றி ஒரே ஜாதி 1,096, ஜோடி 3,744, இவற்றுள் எதுவுமின்றி உயர்ந்த சீட்டு ஒன்றையே நம்பி நிற்கும் கைகள் 16,440. அதாவது நூற்றுக்கு 74 பங்குக்குமேல் வெறுங்கையே. ஆகவே இரண்டு ரெண்டுகளைக் கொண்ட மிகத் தாழ்ந்த ஜோடியும், பாராமல் ஆடுபவனது கையை ஏறக்குறைய நான்கில் மூன்று தடவை வென்றுவிடுகிறது; ஏஸ் ஜோடியோ பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கைகளை வென்றுவிடுகிறது.

பார்த்தவன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வைக்கிறான். பாராதவன் ஒன்று வைக்கிறான். வென்றால் அச்சுற்றில் வரவு ஒன்று, தோற்றால் செலவு இரண்டு. ஆதலால் மேலும் ஒரு சுற்று ஆடுவது இலாபமாவதற்கு, வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேற்பட்டிருக்கவேண்டும். வெறுங்கைகளுக்குள் ஏஸைத் தலைச்சீட்டாக உடையவை 3,840. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஏஸுக்குத் துணையாக ஜாக்கியோ அதற்கு மேற்பட்ட சீட்டோ இருக்கும் இடத்தில்தான் அந்த மூன்றில் இரண்டு என்னும் எல்லை வந்து விழுகிறது. கையிலுள்ள சீட்டை நீக்கிக் கணக்கிட்டால் சிறு வேறுபாடு வரும், முடிவு மாறாது. ஆகவே எந்த ஜோடியும், பாராதவனுக்கு எதிரே தனித்து நிற்கும்போது, வலிய கையே.

இனி, அந்த வலிய கையை உடையவன் பூர்வபட்சக்காரர் சொல்வதுபோல் அக்கணமே பந்தயத்தைப் பலமடங்காக ஏற்றினால் விளைவது யாது? எதிராளி திடுக்கிட்டுத் தன் சீட்டை எடுத்துப் பார்ப்பான். பார்த்தவன் பெரும்பாலும் வெறுங்கையே கண்டு கவிழ்த்துவிடுவான். அறியாமையில் வைத்துக்கொண்டிருந்தவனுக்கு அறிவைக் கொடுத்து, அவன் செய்யவிருந்த பிழையைத் தானே திருத்தியவனாக வலிய கையினன் ஆகிறான். மூணு சீட்டில் ஒருமுறை விழுந்த சீட்டு மாறுவதில்லை. எதிராளியின் வெறுங்கை அடுத்த சுற்றில் வளர்ந்துவிடும் என்னும் அச்சத்துக்கு அங்கே இடமில்லை. எனவே மாறாத சீட்டின் ஆட்டத்தில் அவசரம் கட்டாயம் நஷ்டத்தைத் தரும். பொறுமைக்கு, பின்னர்ச் சொல்லப்படும் இரண்டு எல்லைகள் வரும்வரையில், விலை ஏதும் இல்லை.

3. வளரும் சீட்டு: போக்கரின் சிக்கல்

இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையில் நிலைமை இவ்வளவு எளிதன்று. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவே பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்றாகவும் பின்னர் ஒவ்வொன்றாகவும் விரிக்கப்படும். கைச்சீட்டு இரண்டும் 1,326 வகையாக அமையலாம். அவற்றுள் ஏஸ் ஜோடி ஆறே, அதாவது 221 தடவைக்கு ஒருமுறை. இத்தகைய கையும், ஏதேனும் ஒரு கையை எதிர்த்து முடிவுவரை சென்றால், நூற்றுக்குச் சுமார் 85 தடவையே வெல்லும். எஞ்சிய 15 தடவை நடுவில் விழும் சீட்டுகள் எதிராளியின் அற்பக் கையை உயர்த்திவிடும். ஒரே ஜாதியில் நான்கு சேர்த்துக்கொண்டு ஐந்தாவதற்குக் காத்திருப்பவனுக்கு, ஒரு சீட்டே எஞ்சியிருப்பின் அது விழும் வாய்ப்பு 46இல் 9, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று; இரண்டு சீட்டு எஞ்சியிருப்பின் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

பூர்வபட்சக்காரர் தம் வாதத்தின் முழுப் பலத்தையும் இங்கேதான் வைக்கிறார். வலிய கையினன் பந்தயம் வைக்காமல் விட்டால் எதிராளி இலவசமாக அடுத்த சீட்டைக் காண்கிறான். ஆகவே ஏற்றி விரட்டு என்கிறார். சாதுவான எதிராளியைப் பற்றிய மட்டில் இவ்வாதம் மறுக்கவொண்ணாதது. ஆனால் நம் ஆராய்ச்சிக்குரிய எதிராளி சாதுவானவன் அல்லன். அவனே பந்தயம் வைக்கிறான். ஆகவே அவன் காணும் அடுத்த சீட்டுக்கு உரிய விலையைத் தானே முன்வந்து செலுத்திவிடுகிறான். அவ்விலையை வசூலிக்க நாம் ஏற்றவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அவன் வைத்ததற்குச் சமமாக வைத்துத் தொடர்வதே போதும். பொறுமை என்பது பந்தயமின்றி வாளாவிருத்தல் என்று கொண்டதே பூர்வபட்சத்தின் மூலப்பிழை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொண்டு இதனை அளந்து பார்க்கலாம். எதிராளி இவ்விடத்தில் பந்தயம் வைக்கக்கூடிய கைகள் நூறு என்றும், அவற்றுள் அறுபது முற்றிலும் வெறுமையானவை, நாற்பது ஓரளவு தகுதியுள்ளவை என்றும், நம் கை அந்த அறுபதையும் நாற்பதில் முப்பதையும் வெல்வது என்றும் வைத்துக்கொள்வோம். இப்பொழுதே நாம் 200 ஏற்றினால் அறுபதும் கவிழ்ந்துவிடும். நாற்பது மட்டும் தொடரும். அவற்றில் முப்பதில் வரவும் பத்தில் செலவுமாக, நூறு தடவைக்குச் சராசரியாக ஒரு தடவைக்கு 40 கிடைக்கும். ஏற்றாமல் தொடர்ந்து, அடுத்த சுற்றில் அவன் தன் வழக்கப்படி நூறு கைகளிலும் 200 வைக்க விட்டால், தொண்ணூறில் வரவும் பத்தில் செலவுமாகச் சராசரி 160. இடையில் வளரும் சில கைகளுக்காக இதில் ஒரு பகுதியைக் கழித்தாலும், வேறுபாடு நான்கில் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடாதலால், எளிதில் அழிந்துபோவதன்று.

இக்கொள்கைக்கு அடிப்படையான கணிதம் புதிதன்று. ஜான் வான் நியூமன் 1928இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு ஆய்வும், பின்னர் அவரும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் 1944இல் எழுதிய பெருநூலும், வெறுங்கை மிரட்டல் என்பது நடத்தைக் கோளாறன்று, பகுத்தறிவுடைய ஆட்டத்தின் இன்றியமையாத கூறு என்பதை நிறுவின. நல்ல கைக்கும் எதிராளி பணம் வைக்கவேண்டுமானால், சில வேளை வெறுங்கைக்கும் பந்தயம் வைக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு? நடுவில் சேர்ந்த தொகைக்குச் சமமாகப் பந்தயம் வைப்பவனுக்கு, அவ்வாறு வைக்கும் கைகளில் மூன்றில் ஒரு பங்குவரை வெறுங்கையாக இருக்கலாம். அப்போது எதிரிலுள்ளவனுக்குத் தொடர்வதும் கவிழ்ப்பதும் ஒன்றே. அப்பங்கு தாண்டப்பட்ட கணத்தில் சமநிலை குலைந்து, வெறுங்கையை வெல்லும் எந்தக் கைக்கும் தொடர்வது இலாபமாகிவிடுகிறது. மிகை ஆக்கிரமக்காரன் தன் மிகையின் அளவுக்கு வரி கட்டுகிறான். அவ்வரியை வாங்க மறுப்பதே ஏற்றி விரட்டுதல்.

2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் இயற்றிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது. அது எதிராளியின் பிழையைத் தேடி வேட்டையாடவில்லை. தன் ஆட்டத்தில் ஓட்டை விழாமல் அடைப்பதிலேயே கருத்தாயிருந்தது. யாவர்க்கும் எதிராகத் தோல்வியைத் தவிர்க்க அந்நெறி சிறந்ததே. எனினும் எதிராளி இன்னவகைப் பிழையுடையான் என்று தெளிந்த இடத்தில், அந்நெறியினின்று விலகி அப்பிழைக்கேற்ப ஆடுபவனே அதிகம் பெறுவான் என்பதும் அதே கோட்பாட்டிலிருந்து பெறப்படுவதே.

1988ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் இறுதியாட்டம் இதற்கு வரலாற்றுச் சான்று. லாஸ் வேகாஸில் ஜானி சான், நடுவில் மூன்று சீட்டு விழுந்தபோதே தொடர்ச்சியான ஐந்து சீட்டு அமையப்பெற்றும், அதனை வெளிக்காட்டவில்லை. கடைசிச் சீட்டு விழுந்த பின்னும் பந்தயம் வைக்காமல் விட்டார். ராணி ஜோடியை நம்பிய எரிக் செய்டல் தம் தொகை முழுவதையும் நடுவில் தள்ளினார். செய்டலை மிகை ஆக்கிரமக்காரர் என்று சொல்வதற்கில்லை. அவர் தள்ளியது சானின் மௌனம் வரவழைத்த பந்தயம். இயல்பாகவே தள்ளுபவன் எதிரே இருப்பின் அம்மௌனத்துக்கு இன்னும் எளிதில் பலன் கிட்டும்.

4. இடமும் காலமும்: அவனியாபுரத்தின் உவமை

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. வலிமையை மட்டும் அறிந்தவன் வெல்வதில்லை, அதனைச் செலுத்தும் காலமும் இடமும் அறிந்தவனே வெல்வான் என்னும் கருத்து அவ்வைப்பு முறையிலேயே அமைந்திருக்கிறது. தாக்குவதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடாவின் ஒடுக்கத்தை ஊக்கமுடையவன் அடங்கியிருப்பதற்கு வள்ளுவர் உவமையாக்கியது காலமறிதலில்தான்.

மதுரை மாநகரின் தெற்கே அவனியாபுரத்தில் தை முதல் நாளில் நிகழும் ஜல்லிக்கட்டை ஆராய்ச்சி நோக்கோடு காண்பவர்க்கு, இம்மூன்றும் ஒருங்கே செயற்படுவது தெரியும். 2014இல் உச்சநீதிமன்றத் தடையால் நின்று, 2017ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் இயற்றப்பட்ட சட்டத்தால் அவ்வாண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அவ்வூரில் மீண்டும் நடந்த இவ்விளையாட்டில், தேர்ந்த மாடுபிடி வீரன் வாடிவாசலுக்கு நேர் எதிரே நிற்பதில்லை, பக்கவாட்டில் நிற்கிறான். சீறி வரும் காளையின் தலையும் கொம்பும் தன்னைக் கடந்தபின்னரே திமிலைத் தழுவுகிறான். அதன்பின் காளையின் வேகத்தோடு தானும் செல்கிறானேயன்றி அதனை எதிர்த்துத் தள்ளுவதில்லை. காளையின் ஆவேசம் எவ்வளவு மிகுதியோ, பக்கத்தில் நிற்பதன் அவசியமும் அவ்வளவு மிகுதி. வாடிவாசலை விட்டு ஓடாமல் நின்று விளையாடும் காளையிடம் முந்திக் கைவைப்பவன் குத்துப்படுகிறான்.

போக்கரில் இடமென்பது ஆடும் முறையின் வரிசை. ஆக்கிரமக்காரனுக்குப் பின் தன் முறை வருமாறு அமர்ந்தவன், அவன் செய்கையைக் கண்டபின் செயலாற்றுகிறான். தலை கடந்தபின் திமிலைப் பற்றும் நிலை அது. அவனுக்கு முன் ஆடநேர்ந்தவனோ, பந்தயம் வைக்காமல் விட்டு, அவன் வைத்தபின் தொடரவோ ஏற்றவோ வேண்டும். இரண்டிலும் முதல் அடி எதிராளியுடையதாக இருக்கவேண்டும் என்பதே விதி.

ஆனால் இவ்வுவமை ஓரிடத்தில் முறிகிறது. முறியும் இடமே ஆராய்ச்சிக்கு அதிகப் பயன் தருவது. காளை பொய் சொல்லாது. அதன் சீற்றம் அதன் வலிமைக்கு நேரான சான்று. சீட்டாடுபவனின் சீற்றம் அவ்வாறன்று: அது வெறுங்கையின் மிரட்டலாக இருக்கலாம், பாராதவனின் அறியாமையாக இருக்கலாம், உண்மையான வலிமையாகவும் இருக்கலாம். ஆக்கிரமக்காரனுக்கும் 221 தடவைக்கு ஒருமுறை ஏஸ் ஜோடி வரத்தான் செய்யும். அவன் குணத்தைக் கண்டு சீட்டுக்கட்டு தன் விகிதத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆகையால் அவனது வழக்கமான சீற்றத்தைக் காட்டிலும், வழக்கத்தினின்று அவன் பிறழும் கணமே கூர்ந்து நோக்கத்தக்கது.

5. அறிவு மாறுதலும் பொருள் தீர்தலும்

அவ்வாறு பிறழும் கணத்துக்கு மூணு சீட்டே தெளிவான உதாரணம் தருகிறது. பாராமல் ஆடியவன் இடையில் சீட்டை எடுத்துப் பார்க்கிறான். பார்த்தபின்னும் இருமடங்கு வைத்துத் தொடர்கிறான். நம் கையில் இரண்டு ரெண்டுகள். ஒரு நிமிஷத்துக்கு முன் நூற்றுக்கு 74 தடவை வென்றிருக்கக்கூடிய கை அது. பார்த்தவன் தன் கைகளில் கீழ்ப்பாதியைக் கவிழ்த்து மேற்பாதியில் மட்டும் தொடர்பவன் என்று கொண்டால், அதே கை இப்போது வெல்வது நூற்றுக்கு 49 தடவைதான். நம் சீட்டு மாறவில்லை. எதிராளியின் சீட்டும் மாறவில்லை. மாறியது அவன் அறிவு ஒன்றே. வலிமை என்பது கையிலுள்ள பொருளன்று, எதிராளியின் நிலையோடு உள்ள உறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. இருவரும் பார்த்தாகிவிட்டமையால் இப்போது 'ஷோ' கேட்க வழியுண்டு. பொறுமையை விட்டு அதனைக் கேட்பதே இங்கே முறை.

பொருளின் எல்லை இதனினும் கடுமையானது. பாராமல் ஆடுபவன் 1, 2, 4 என ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்துக்கொண்டு போனால், ஐந்து சுற்றில் அவன் வைத்தது 31. பார்த்தவன் வைத்தாகவேண்டியது 62. ஏழு சுற்றில் அது 127க்கு 254 ஆகிறது. 'ஷோ' கேட்கலாகாது என்னும் விதி உள்ள இடத்தில், பார்த்தவனுடைய பணம் எந்தச் சுற்றில் தீர்கிறதோ அந்தச் சுற்றில் அவன் ஏஸ் ஜோடியும் வெறுங்கையும் ஒரே மதிப்புடையன ஆகிவிடுகின்றன. கணக்கின் நியாயம் தன் பக்கம் இருந்தும் அவன் தோற்கிறான்.

வலியறிதல் அதிகாரம் தொடக்கத்திலேயே நான்கு வலிமைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது: மேற்கொண்ட செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, இருவர்க்கும் துணையாவாரின் வலிமை. சீட்டாட்டத்தில் முதலாவது, நடுவில் சேர்ந்த தொகையும் வைக்கவேண்டிய பந்தயமும் தம்முள் கொண்ட விகிதம், இரண்டாவது கைச்சீட்டு, மூன்றாவது எதிராளி வைத்திருக்கக்கூடிய கைகளின் தொகுதி. நான்காவதாகிய துணை, இருவர் பின்னும் நிற்கும் மூலதனம். முதல் மூன்றையும் கணக்கிட்டு நான்காவதை மறந்தவன், சரியான ஆட்டம் ஆடிக்கொண்டே அழிந்துபோகிறான்.

6. திறமை என்னும் வாதமும் அதன் போதாமையும்

இவ்வளவும் கூறியபின், சட்டத்தின் நோக்கை ஆராயாமல் விடுதல் கூடாது. 1968இல் சத்யநாராயணா வழக்கில் உச்சநீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தபோது, மூணு சீட்டை முழுவதும் அதிருஷ்டத்தைச் சார்ந்தது என்று பிரித்து வைத்தது. சீட்டு விழுவதைப் பற்றிய மட்டில் அக்கூற்று சரியே. ஆயினும் மேலே காட்டியவாறு, எந்தக் கையில் தொடர்வது, எந்தக் கணத்தில் 'ஷோ' கேட்பது, எவ்வளவு மூலதனத்தோடு அமர்வது என்பன யாவும் கணக்குக்கும் கூர்நோக்குக்கும் உரியன; ஆகவே அவ்வாட்டத்தில் திறமை சீட்டில் இல்லாமல் பந்தயத்தில் இருக்கிறது என்பதே துல்லியமான கூற்றாகும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிருஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்க மறுத்து, அவை திறமையாட்டங்களே என்று கூறியதும் இவ்வழியிற்பட்டதே.

ஆனால் திறமை உண்டு என்பது, நன்மை உண்டு என்பதற்குச் சான்றாகாது. வலிய கையினன் பெறும் இலாபம் முழுவதும் எதிராளியின் பிழையிலிருந்து வருவது. புதிதாக விளைந்த பொருள் அதில் எள்ளளவும் இல்லை. திறமை மிகுந்தோறும் பிழையுடையவனின் அழிவு விரைவாகிறதேயன்றிக் குறைவதில்லை. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதைக் கண்டிக்கும்போது, ஆடுபவன் தோற்பான் என்னும் காரணத்தோடு நின்றுவிடவில்லை. வெற்றியே தூண்டிலில் மீன் விழுங்கிய இரை போன்றது என்றார். வெல்லும் திறமை உடையவன் என்னும் வாதம் அக்கண்டனத்துக்கு விடையாகாது. அது அக்கண்டனம் முன்கூட்டியே எதிர்பார்த்த வாதம்.

2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிருஷ்டம் என்னும் பாகுபாடின்றித் தடுத்தது. 1968இன் வினாவை விட்டு வள்ளுவரின் வினாவைக் கையிலெடுத்துக்கொண்டது அச்சட்டம் என்று அதனை விளங்கிக்கொள்ளலாம். அத்தடை செல்லுமா, விவேகமானதா என்பது வேறு விசாரணை. இக்கட்டுரையின் முடிவு இவ்வளவே: மிகை ஆக்கிரமத்துக்கு எதிரே வலிய கை பொறுத்து ஆடவேண்டும் என்பதும், சீட்டு வளரும் இடத்திலும், அறிவு மாறும் இடத்திலும், பொருள் தீரும் இடத்திலும் அப்பொறுமைக்கு எல்லை உண்டு என்பதும், கணக்கால் நிறுவத்தக்க உண்மைகள், அவற்றை அறிதல் ஒரு கல்வியே. அக்கல்வியைப் பெறுவதற்குப் பணம் வைத்தே ஆகவேண்டும் என்பது மட்டும் எக்கணக்காலும் நிறுவப்படவில்லை.